ஒடுங்கின காலுக்கு ஒரு ஜோடி

எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு வழிவழியாக வந்த ஒரே சொத்து கால். நீளமாக, ஒடுங்கலாக, முருங்கைக்காய்க்கு விரல் முளைத்த மாதிரி ஒரு கால். அப்பாவுக்கு இருந்தது. எனக்கு வந்தது. எனக்குப் பல வருஷம் கழித்துப் பிறந்த தம்பி வினய்க்கும் அச்சு மாறாமல் வந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு நான் செய்ததெல்லாம், வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு நடந்துபோய் என் மிக்ஸி ரிப்பேர்க் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததுதான். வினய் அதே காலை வைத்துக்கொண்டு பாறை ஏறினான்.

அவனுக்குக் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கூட வேலை பார்க்கும் ஜெபசிங்கின் பைக்கில் தொற்றிக்கொண்டு நெடுமங்காட்டுக்கு அப்பால் எங்கேயோ போய்விடுவான். சாயங்காலம் முட்டி சிராய்த்து, முகமெல்லாம் சிரிப்பாக வருவான்.

"மேலே என்னடா இருந்தது?" என்று கேட்பேன்.

"ஒண்ணுமில்லே அண்ணா. காத்து."

காற்று வாங்கச் சங்குமுகம் கடற்கரைக்குப் போனால் போதாதா, அதற்குக் கயிறு எதற்கு என்பேன். இது நான் வாராவாரம் சொல்கிற ஜோக். அவன் வாராவாரம் சிரிப்பான். நல்ல பையன்.

பாறை அவனை ஒன்றும் செய்யவில்லை. ஷூதான் செய்தது. கடையில் கிடைப்பதெல்லாம் அகலக் காலுக்கு. ஷூவுக்குள் அவன் கால் சாம்பார் வாளியில் போட்ட கரண்டி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு சாக்ஸ் போட்டுப் பார்த்தான். முன்பக்கம் பஞ்சு அடைத்துப் பார்த்தான். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் எழும்பி உரசி, தோல் உரிந்து, புண்ணாகிவிட்டது. அந்தப் புண்ணோடு ஐப்பசித் துலா மழையில் ஒருநாள், கழக்கூட்டத்தில் பஸ் பிடிக்க முழங்கால் தண்ணீரில் நடந்திருக்கிறான். பிறகு காய்ச்சல். பிறகு கண்ணில் மஞ்சள். எலிப்பனி என்றார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண் வழியாக உள்ளே போய் வருகிற காய்ச்சலாம். "காலில் காயம் ஏதாவது இருந்ததா?" என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். அடுத்த வாரம் அவன் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து காத்திருந்தேன். கொள்ளி போட்டேன், முழுக்குப் போட்டேன், எள்ளும் தண்ணீரும் விட்டேன், வந்தவர்களிடம் "காப்பி சாப்பிட்டேளா?" என்று கேட்டேன். வாழைத்தண்டுக்குள் நார் இருப்பதுபோல உள்ளே ஏதோ இருந்தது; பிடித்து இழுத்தால் வரவில்லை. அவ்வளவுதான். ஃபேன் சுற்றுவதைப் பார்த்தால் அதன் கப்பாசிட்டர் போய்க்கொண்டிருக்கிறது என்று மட்டும் தோன்றிற்று.

தானங்கள் கொடுக்கும் நாள் நெருங்கியதும் சேஷு வாத்தியார் கூடத்தில் உட்கார்ந்து, வேண்டியதையெல்லாம் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். குடை, விசிறி, சொம்பு, பாதரட்சை.

"எமலோகம் போய்ச் சேர ஒரு வருஷ நடை, சுந்தரம். வழியெல்லாம் கல்லு, முள்ளு, கொதிக்கற மணல். நாம இங்க குடுக்கற செருப்பு அங்க அவன் கால்ல போய்ச் சேரும். வாங்கிக்கறவன் அதைப் போட்டுண்டு, குடையைப் பிடிச்சுண்டு, தெரு முக்கு வரைக்கும் நடக்கணும். நடந்துட்டு திருப்தின்னு சொல்லணும். நம்ம தெரு வழக்கம் உனக்குத் தெரியுமே."

"யாரு மாமா வாங்கிக்கப் போறா?"

"நம்ம சாம்புதான்."

சாம்பு மாமா எங்கள் தெருவில் சமையல் வேலைக்கும் இந்த மாதிரி தானம் வாங்கிக்கொள்வதற்கும் வருகிறவர். கல்யாணத்துக்குச் சமைப்பார், சாவுக்கு வாங்கிக்கொள்வார். நடுவில் வேலை இல்லாத நாளில் கோவில் வாசலில் நின்று கிரிக்கெட் பேசுவார்.

"ஏதாவது ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிடு, போறும்" என்றார் வாத்தியார்.

அம்மா அதுவரை சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "யார் கால் அளவுக்கு?"

"என்ன மாமி?"

"செருப்பு. சாம்பு கால் அளவுக்கா, வினய் கால் அளவுக்கா?"

வாத்தியாரிடம் இத்தனை வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. பூணூலை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். "சாஸ்திரத்துல சைஸ் ஒண்ணும் சொல்லலை மாமி."

"சாம்புவுக்குப் பலாப்பலகை மாதிரி கால். அவன் செருப்பு வினய்க்கு லொடலொடன்னு இருக்கும். குதிகால்ல கடிக்கும். ஒரு வருஷம் கடிச்சுண்டே நடப்பானா?" அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "சுந்தரா, அவனுக்குக் கடிக்காததா வாங்கு. வேற ஒண்ணும் நான் கேக்கலை."

நிஜமாகவே அவள் வேறொன்றும் கேட்கவில்லை. காரியம் தொடங்கிய நாளிலிருந்து அவள் பேசிய நீளமான பேச்சே அதுதான்.

"உங்க இஷ்டம் மாமி. சாம்பு சமாளிச்சுப்பான்" என்றார் வாத்தியார். இந்த இடத்தில் வீட்டில் யாராவது ஒருவருக்கு மூளை வேலை செய்திருக்கலாம். செய்யவில்லை.

சிக்கல் என்னவென்றால், வினயின் கால் அளவு உயிரோடு இருப்பது என்னிடம் மட்டும்தான். காரியம் செய்கிறவன் அந்த நாட்களில் செருப்போ ஷூவோ காலில் போடக் கூடாது. தீட்டுக்காரன் கடைக்குப் போவதே தப்பு என்றார் வாத்தியார். அம்மா, "போகட்டும். எதுலேயும் காலை மட்டும் நுழைக்காதே" என்றாள். ஆக, போட்டுப் பார்க்காமல் ஷூ வாங்கப் புறப்பட்டேன். போட்டுப் பார்த்து வாங்கியவன் கதை எப்படி முடிந்தது என்று பார்த்தாகிவிட்டதே.

ஜெபசிங்கைத் துணைக்குக் கூப்பிட்டேன். நாகர்கோவில் பக்கத்துப் பையன். வினயின் கயிற்றுக்கு இன்னொரு முனையைப் பிடித்தவன். வந்து வாசலிலேயே நின்றான். நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவன் மாதிரி கேட்க ஆரம்பித்துவிட்டான்.

"வழி எப்படியாக்கும் அண்ணே?"

"கல்லு, முள்ளு. கொதிக்கிற மணலாம்."

"ஏத்தம் உண்டுமா?"

"தெரியலை. வாத்தியாரைத்தான் கேக்கணும்."

"பாதி காடு பாதி கல்லுன்னா அதுக்கு அப்ரோச் ஷூதான் சரி. பாறையில ஏறுறதுக்கு உள்ளது வேற, அது காலை இறுக்கிப் பிடிக்கும், நடக்க ஒக்காது. பாறைக்குப் போய்ச் சேருற வழிக்கு உள்ளது இது. அடி ரப்பர் கல்லுல ஒட்டணும், கனம் இருக்கப்பிடாது, கணுக்காலுக்குக் கீழ நிக்கணும், லேஸு விரல் நுனி வரைக்கும் வரணும். ஒடுங்கின காலுன்னா அந்த லேஸை இழுத்து இழுத்து நம்ம காலுக்குத் தக்கன ஆக்கிக்கிடலாம். தண்ணி உண்டுமா வழியில?"

"ஒரு நதி உண்டு. ரத்தமும் சீழுமா ஓடும்னு சொல்லுவா."



"அப்ப தோல் வேண்டாம்" என்றான். "வெள்ளம் நிக்காம வடிஞ்சு போற வலைத்துணி வச்சது பாப்போம்."

சாலையில் இரண்டு கடை ஏறி இறங்கினோம். அங்கே ரப்பர் செருப்பும் பள்ளிக்கூட ஷூவும்தான். பிறகு எம்.ஜி. ரோட்டில் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த பெரிய கடைக்குப் போனோம். மலைக்கு மாலை போடுகிற மண்டல காலம் தொடங்கியிருந்தது. மழிக்காத தாடி, வேஷ்டி, வெறுங்கால் என்று நான் நின்ற கோலத்தைப் பார்த்து வாசல் செக்யூரிட்டி கைகூப்பினான்.

"சாமி சரணம்."

"சரணம்" என்றேன். வேறென்ன சொல்வது? என்னுடைய மலை வேறே என்று அவனுக்கு விளக்கிக்கொண்டு நிற்க முடியுமா?

உள்ளே ஒரு பெண் வந்தாள். சட்டையில் ஜெஸ்லின் என்று பெயர்த் தகடு. "சாமி, எந்தா வேண்டே?" என்று மலையாளத்தில் தொடங்கியவள், நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பேசியதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். "எனக்கும் வீட்டுல தமிழ்தான். குளச்சல். சாமிக்கா ஷூ? மலைக்கு வெறுங்காலோட அல்லே போணும்?"

"எனக்கில்லை. தம்பிக்கு."

"சைஸு?"

"என் கால்தான் அவன் கால்."

"அப்ப இதுல உக்காந்து போட்டுப் பாருங்க சாமி."

"போட முடியாதும்மா."

அவள் ஜெபசிங்கைப் பார்த்தாள். ஜெபசிங் அலமாரியிலிருந்து ஒரு ஷூவை எடுத்தான். முதலில் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தான். நுனியையும் குதிகாலையும் பிடித்து வளைத்தான். குதிகால் கிண்ணத்தை விரலால் அமுக்கினான். அப்புறம் உள்ளே கையை விட்டு, மெத்தென்று இருக்கும் இன்சோல் தகட்டை உருவி எடுத்துத் தரையில் போட்டான்.

"ஏறி நில்லுங்கண்ணே."

"இது..."

"இது ஷூ இல்லையே. உள்ள உள்ள பாய். பாயில நிக்கதுக்குத் தடை உண்டுமா?"

வாத்தியாரைக் கேட்டால் அவரும் இவ்வளவு சுளுவாக வழி சொல்லியிருக்க மாட்டார். ஏறி நின்றேன். என் காலுக்கு இரண்டு பக்கமும் அகலமாகத் தகடு தெரிந்தது.

"கண்டீங்களா? இவ்வளவு இடம் மிச்சம் இருந்தா கால் உள்ள நீஞ்சும். தகட்டு ஓரமும் கால் ஓரமும் சேந்து நிக்கணும். அப்பத்தான் குதிகால் எழும்பாது."

அடுத்தது. அதற்கடுத்தது. கடை முழுக்கக் கண்ணாடி. எல்லாக் கண்ணாடியிலும் ஒரு தாடிக்காரச் சாமி, ஷூ இல்லாத இன்சோல்மீது பூஜைக்கு நிற்கிற மாதிரி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். ஒரு குழந்தை ஐஸ்கிரீமோடு நின்று வேடிக்கை பார்த்தது. எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. அழுகைதான் வழி தவறிவிட்டது என்று நினைத்திருந்தேன். அது போகும்போது இதையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

எதுவும் சேரவில்லை. எல்லாம் ஊருக்குப் பொதுவான கால். ஜெபசிங் கழற்றிப் போட்ட தகடுகளைத் திருப்பி ஷூக்களுக்குள் அடைத்துக்கொண்டிருந்த ஜெஸ்லின் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாமி, தப்பா நினைக்காதீங்க" என்றாள்.

"சொல்லும்மா."

"லேடீஸ்ல பாக்கட்டா? லேடீஸ் ஷூவுக்கு அச்சே ஒடுங்கினதாக்கும். நீளம்தான் கிடைக்காது. ஆனா ஒரு பீஸ் உண்டு. வெளிநாட்டுக்குப் போகவேண்டிய சரக்கு, இங்க உள்ள பெண்களுக்கு எல்லாம் படகு மாதிரி இருக்குன்னு யாரும் எடுக்கல்ல."

பெட்டியைத் துடைத்துக்கொண்டே கொண்டுவந்தாள். சாம்பல் நிறம். வலைத்துணி. விரல் நுனி வரை லேஸ். பக்கவாட்டில் இளம் ஊதாவில் ஒரு கோடு, அதன் முடிவில் சின்னதாக ஒரு பூ.

ஜெபசிங் அதைக் கையில் வாங்கியதும் அவன் முகம் மாறியது. அடியைப் பாறையில் தேய்ப்பதுபோல் தரையில் தேய்த்தான். வளைத்தான். இன்சோலை உருவிப் போட்டான். நான் ஏறி நின்றேன். தகடு மறைந்துவிட்டது. என் காலை வைத்து வரைந்து வெட்டினதுபோல ஓரமும் ஓரமும் சேர்ந்து நின்றன.

"இதாக்கும்" என்றான் ஜெபசிங், மிகவும் மெல்ல. "இது கிடைச்சிருந்தா..."

நான் தகட்டைவிட்டு இறங்கினேன்.

"தம்பிக்கு அந்தப் பூ பரவாயில்லையா சாமி?" என்று ஜெஸ்லின் கேட்டாள். "கலர் மார்க்கர் வச்சு மறைச்சுக் களையலாம்."

"இருக்கட்டும். அவனுக்கு ஒண்ணும் தோணாது" என்றேன்.

"தம்பியும் மலைக்கா?"

"ஆமாம்."

"நல்லபடியா போய்ட்டு வரட்டும்" என்று சொல்லிப் பையை நீட்டினாள். ஜெபசிங் சடாரென்று திரும்பிக் கதவைப் பார்த்து நடந்துவிட்டான்.

வீட்டில் அம்மா ஷூவுக்குள் கையை விட்டாள். குதிகால் பக்கம், தையல் ஓரம், விரல் நுனி என்று ஓர் இடம் விடாமல் தடவினாள். உளுந்தில் கல் பார்ப்பது மாதிரி. வாத்தியார் ஊதாக் கோட்டையும் பூவையும் பார்த்துவிட்டு, "பொம்மனாட்டிகளோடதா இது?" என்றார்.

"கால் ஒடுங்கலா இருந்தா அதுதான் மாமா சேரும்."

"என்னவோப்பா. எமதர்மராஜன் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம இருந்தாச் சரி."

"கேட்டா அண்ணா வாங்கிக் குடுத்தான்னு சொல்லட்டும்" என்றாள் அம்மா. இதுவும் ஜோக்கா என்று எனக்குத் தெரியவில்லை. ஷூவை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

தானத்தன்று காலையில் சாம்பு மாமா குளித்து, விபூதி பூசி, கூடத்தில் வந்து உட்கார்ந்தார். சங்கல்பம் ஆயிற்று. குடை கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். விசிறி, சொம்பு, எல்லாம் வாங்கிக்கொண்டார். பாதரட்சை வந்தது. மந்திரத்தைச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விட்டு, ஷூவை அவர் முன்னால் வைத்தேன்.

சாம்பு மாமா ஷூவைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வீட்டில் குடியிருக்கிற மாதிரி விரிந்த கால். வாழ்நாள் முழுக்க அடுப்பு முன்னால் நின்று பரந்துபோனது.

"இது என்னடா சுந்தரம், புல்லாங்குழலா?"

"போட்டுக்கோங்கோ மாமா."

போட்டார். கட்டைவிரலும் அதற்கு அடுத்ததும் உள்ளே போயின. மற்ற மூன்றும் பஸ்ஸில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி வெளியே நின்றுவிட்டன. முட்டுக்கொடுத்துத் தள்ளினார். தூணைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகலைடா."

வாத்தியார் இந்த நிலைமைக்கு முன்னமே தயாராக வந்திருக்கிறார். பைக்குள் கையை விட்டு ஒரு ரப்பர் செருப்பு ஜோடியை வெளியே எடுத்தார். நீல வார், அகலமென்றால் அப்படி ஓர் அகலம். "அது பாட்டுக்கு அது இருக்கட்டும். இதையும் சேத்துக் குடுத்துடு சுந்தரம். இதைப் போட்டுண்டு அவன் நடக்கட்டும். காரியம் நிக்கப்படாது."

"அப்போ வினய்க்கு எது போகும்?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"எதைப் போட்டுண்டு நடக்கறானோ அதுதான்..." என்று ஆரம்பித்த வாத்தியார் பாதியில் நிறுத்தினார். நல்ல மனிதர், பொய் சொல்லவும் வரவில்லை.

அம்மா உள்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நீலச் செருப்பைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் கேள்வி கேட்டபோதும் இதே முகம்தான்.

"அது வேண்டாம்" என்றேன்.

"சுந்தரம், நேரம் ஆறது."

"அது வேண்டாம் மாமா. அது கடிக்கும்."

"யாரைடா கடிக்கும்?" என்று வாத்தியார் கேட்டுவிட்டார். கேட்டதும் அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை. என் குரல் எனக்கே யாரோ மைக்கில் பேசுவதுபோல் கேட்டது. "லொடலொடன்னு இருக்கும். குதிகால் எழும்பும். ஒவ்வொரு அடிக்கும் எழும்பி எழும்பி உரசும். வழியில தண்ணி இருக்கு. நீங்கதானே சொன்னேள் வழியில நதி இருக்குன்னு? நான் அதைக் குடுக்க மாட்டேன். காரியம் நின்னா நிக்கட்டும்."

எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

சாம்பு மாமா தூணைவிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "அந்த லேஸை உருவு" என்றார்.

"மாமா..."

"உருவுடான்னா. உள்ள ஏதோ மெத்தை மாதிரி இருக்கே, அதையும் எடு. இடம் ஆகட்டும்."

லேஸை முழுக்க உருவினேன். விரல் நுனி வரை வாய் பிளந்துகொண்டது ஷூ. இன்சோலை எடுத்தேன். சாம்பு மாமா மூச்சை இழுத்துப் பிடித்து, மூன்று விரலையும் கையால் மடக்கி, உள்ளே அழுத்தினார். முகம் சிவந்தது. ஒரு கால் போயிற்று. மற்றதையும் அப்படியே. எழுந்து நின்று, "குடையைக் குடு" என்றார்.

வாத்தியார் மந்திரத்தைத் தொடர்ந்தார்.

சாம்பு மாமா குடையை விரித்துக்கொண்டு வாசல்படி இறங்கினார். காலில் ஊதாப் பூ போட்ட ஷூ, மேலே கறுப்புக் குடை, நடுவில் பஞ்சகச்சம். தத்தித் தத்தி, கண்ணாடித் துண்டின்மேல் கால் வைக்கிறவர் மாதிரி நடந்தார். தெருவில் இரண்டு பையன்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"சாம்பு" என்று கூப்பிட்டாள். "கடிக்கறதா?"

அவர் திரும்பினார். முழுக்கத் திரும்ப முடியவில்லை, கழுத்தை மட்டும்.

"சேச்சே, இல்லை மாமி. பூ மாதிரி இருக்கு."

"குதிகால்ல?"

"அங்கயும் இல்லை."

"திருப்தியா?" என்று வாத்தியார் உள்ளேயிருந்து கேட்டார்.

"பரம திருப்தி!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, தத்தித் தத்தித் தெருமுனையில் திரும்பி மறைந்தார்.

கொஞ்ச நேரம் ஆகியும் அவர் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். முனையைத் தாண்டிச் சாக்கடைப் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்திருந்தார். ஜெபசிங் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் வராமல் அவன் காலையிலிருந்து அங்கேதான் பைக்கோடு நின்றிருக்கிறான் போலிருக்கிறது. ஷூ கழன்று வந்ததும் சுண்டுவிரலில் தோல் பிய்ந்து ரத்தம் தெரிந்தது. இரண்டு காலிலும்.

"ஐயோ மாமா."

"உன் தம்பிக்கு என்னடா கால் அது, காலா கரண்டிக் காம்பா?" என்றார் சாம்பு மாமா, விரலை ஊதிக்கொண்டே.

பக்கத்துப் பெட்டிக்கடையில் ஜெபசிங் ஒரு சோடா வாங்கிவந்து அவர் விரலில் ஊற்றினான். அவர் ஸ்ஸ் என்றார். நான் தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். அந்தக் காலை அவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். வெடிப்பு, எண்ணெய் தெறித்த தழும்பு, காய்த்துப்போன விரல் முட்டு.

"நடக்க முடியலைன்னு அங்கேயே சொல்லியிருக்கலாமே மாமா. ஏன் போட்டுண்டு நடந்தேள்?"

"மாமி பாத்துண்டிருந்தாளேடா." விரலைத் திருப்பிப் பார்த்தார். "அதோட எனக்கு இத்தனை கடிக்கறதுன்னா அவனுக்குச் சரியா இருக்கும்னுதானே அர்த்தம்? எனக்கும் பூ மாதிரி இருந்திருந்தா அப்போன்னா நீ கவலைப்படணும்."

ஜெபசிங் இதை நிதானமாக யோசித்துப் பார்த்தான். "அது செரியாக்கும் அண்ணே" என்றான். "அளவு செரி."

சாம்பு மாமா வெறுங்காலோடு குடையையும் ஷூவையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி அவர் வீட்டுப் பக்கம் போனார். ஜெபசிங் அவரை பைக்கில் ஏற்றிக்கொள்ளக் கூப்பிட்டான். தானம் வாங்கினவன் நடந்துதான் போகணும் என்று சொல்லிவிட்டார். அது எந்தச் சாஸ்திரம் என்று தெரியவில்லை. பைக் பயமாகவும் இருக்கலாம்.

நான் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. தார் சுட்டது. நின்று, காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். சுடத்தான் சுட்டது. இத்தனை நாள் இதே ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், ஒருநாளும் தெரியவில்லை. நிழல் இருந்த பக்கமாக ஒதுங்கி நடந்தேன்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். என் துண்டில் இருந்த ரத்தக் கறையைப் பார்த்தாள். நான் மறைக்க நினைப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

"கடிச்சுதா?"

"கொஞ்சம். சுண்டுவிரல்ல."

"குதிகால்ல?"

"குதிகால்ல இல்லேம்மா. தொடக்கூட இல்லை."

அம்மா தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"சரி" என்றாள். "உள்ள வா. கால் சுடும்."